பேபி பாஞ்சாலி, வயது பத்து

சின்னவள் தீர்த்தம்மாள் வயசுக்கு வந்ததை இண்டூர் முழுக்க ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார் குப்புராஜ். மூத்தவள் பாஞ்சாலி வயசுக்கு வந்ததை மூன்று வருஷமாக ஈ காக்கைக்குக்கூடச் சொல்லவில்லை. அதை நினைக்க நினைக்கப் பாஞ்சாலிக்கு வயிறு எரிந்தது.

ஏழு வயதில் தர்மபுரித் திருவிழா மேடையேறி ஒரு பாட்டுப் பாடினாள். கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டுக் கத்தியது. அதோடு அப்பன் குப்புராஜ் ஏரை ஓரங்கட்டிவிட்டு மெல்லிசைக் குழு ஆரம்பித்தார். சேலம், அரூர், திருவண்ணாமலை என்று சுவரெல்லாம் நோட்டீஸ்: ‘பேபி பாஞ்சாலி, வயது பத்து.’ கவுன், ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். வருஷங்கள் ஓடின. நோட்டீஸில் வயது மட்டும் பத்தைத் தாண்டவே இல்லை.

பதின்மூன்றில் அவள் பெரியவளானபோது, “இப்ப மஞ்சத்தண்ணி ஊத்தினா பேபின்னு எப்பிடிப் போடறது? கொஞ்ச நாளு போவட்டும்” என்றார் அப்பன். ஆத்தா சின்னம்மாளுக்குப் புருஷன் சொல்லே வேதவாக்கு. இரண்டு பேருமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

மறைத்த புத்திசாலிகள் ஒன்றை மறந்துபோனார்கள். சின்னவளும் வளருவாள். அக்காள் இருக்கத் தங்கைக்குச் சடங்கு நடந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? “மூத்தது இருசியாம், கடைசி வரைக்கும் வயசுக்கே வராதாம்” என்று கிணற்றடியில் பேச்சு கிளம்பிவிட்டது. அவள் பாட்டுக்குத் தட்டிய கைகளே இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

சடங்கன்று தாய்மாமன் மாது அரூர்ப் பக்கமிருந்து சீர்த்தட்டுகளோடு வந்தார். அவர் மகன் கோவிந்தனுக்குப் பாஞ்சாலி என்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடிக்கும். அவளைப் பேபி என்று கூப்பிடாத ஒரே ஆள் அவன்தான்.

“தப்பா நெனைக்காதம்மா” என்று மாமன் ஆத்தாவிடம் சொன்னதை அவள் தன் காதாலேயே கேட்டாள். “பெரியவ இப்பிடி ஆயிட்டா. நாலு வருசம் போவட்டும், எம் பையனுக்குச் சின்னவளையே குடுத்துரு.”

ஆத்தா வாயைத் திறப்பாள், உண்மையைச் சொல்வாள் என்று பாஞ்சாலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ சொன்னா செரிதாண்ணா” என்றாள் ஆத்தா.

பெற்றவளா அவள்!

பந்தலில் கூட்டம் நிறைந்துவிட்டது. தீர்த்தம்மாள் பட்டுச் சேலை கட்டி மனையில் உட்கார்ந்திருந்தாள். மாமன் பெண்சாதி ராமக்காள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அதுக்கு முன்னால பேபி ஒரு பாட்டுப் பாடும்!” என்று அறிவித்து, பதினாறு வயதுப் பெண்ணைக் கவுனோடு மைக் முன்னால் நிறுத்தினார் குப்புராஜ்.

பாஞ்சாலி பாடவில்லை.

“நான் பேபி இல்லீங்க. வயசுக்கு வந்து மூணு வருசமாச்சுங்க. மேடைக்காவ எங்கப்பன் மறைச்சுட்டாருங்க. எங்காத்தாவக் கேளுங்க.”

பந்தல் திகைத்தது. குப்புராஜ் மைக்கைப் பிடுங்கினார்.

“பேபி தமாஸ் பண்ணுதுங்க!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கைதட்டியது. எவனோ விசிலடித்தான். ஒன்பது வருஷமாக அவள் என்ன சொன்னாலும் இவர்களுக்கு விளையாட்டுத்தான். அவள் செத்து விழுந்தாலும் ஒன்ஸ்மோர் கேட்பார்கள், பாவிகள்.

“ஆத்தா, நீ சொல்லு!”

ஆத்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாஞ்சாலி விறுவிறுவென்று நடந்துபோய்த் தங்கைக்குப் பக்கத்தில் மனையில் உட்கார்ந்தாள். “அத்தே, எனக்கும் ஊத்துங்க.”

ராமக்காள் கையில் குடத்தோடு புருஷன் முகத்தைப் பார்த்தாள். மாமன் வேறு பக்கம் பார்த்தார். பாஞ்சாலி குடத்தைப் பிடுங்கித் தன் தலையில் தானே கவிழ்த்துக்கொண்டாள். ஒரு சொட்டு மிச்சமில்லை.

“இதையும் தமாஸுன்னு சொல்லு, பாக்கலாம்!” என்று அப்பனைப் பார்த்துக் கத்தினாள்.

பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆத்தா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைப் பார்த்ததும் மாமனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

குப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயோ, தொண்ட கட்டிக்குமே! நாளைக்குத் திருவண்ணாமலையில புரோகிராம் இருக்குதே!”