மாடிக்காரனின் ரசிகை

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவல்லி ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்கு வந்துவிடுவாள். சின்ன காஞ்சிபுரத்தில் அவள் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அது கூடத்தில் இருந்தது. அப்பா முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். ஐயம்பேட்டையில் தோழி கலையரசி வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. அவள் அப்பா வீராசாமி பஸ் டெப்போவில் மெக்கானிக். மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் படிக்கிறாள் என்றே நம்புகிறவர்.

இரண்டு பேரும் பி.எஸ்சி. கடைசி வருஷம். ஸ்ரீவல்லியின் அண்ணன் ஹாஸ்டலிலிருந்து டிவிடியில் போட்டுக்கொடுத்த ஒரு ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடரில் அந்த வருஷம் கிறுக்காக இருந்தார்கள். அதில் வில்லன், ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கும் இளைஞன். இவர்கள் அவனுக்கு வைத்த பெயர் மாடிக்காரன். அவன் யாரையும் அடிக்க மாட்டான், குரலை உயர்த்தக்கூட மாட்டான். கீழ்வீட்டுப் பெண்ணிடம், "உங்கம்மா உன்னப் பத்தி சொன்னதை நான் உங்கிட்ட சொல்லக் கூடாது" என்று ஆரம்பித்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவான். அவ்வளவுதான். அந்தப் பெண் அம்மாவோடு பேசுவதை விட்டாள். அப்புறம் தோழிகளை விட்டாள், வேலையையும் விட்டாள்.

கலையரசி மாடிக்காரனின் முகத்தை ஆர்குட் இணையதளத்தில் தன் படமாக வைத்துக்கொண்டாள். ரசிகர்கள் கூடும் பக்கத்தில், "முட்டாளுங்க இருக்கற வரைக்கும் இவன்தான் ராஜா" என்று எழுதினாள். ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் ஆமாம் போட்டார்கள். அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

அவள் அக்கா ரேணுகாம்பாள் சித்திரை மாதம் ஒரு பையோடு புருஷன் வீட்டிலிருந்து வந்தவள், திரும்பிப் போகவில்லை. "அடிச்சாரா?" என்று அம்மா கேட்டதற்கு, "இல்லமா, அடிக்கல" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. அடிக்காத புருஷனை விட்டு ஏன் வந்தாள் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. கேட்கவும் தயங்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது ரேணு அவரைக்காய் முறத்தோடு வந்து பின்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"அவன் இன்னா சொல்றான் கலை? எழுத்து வேகமா போவுது."

கலையரசிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடியில் ஓடிய ஆங்கில வரிகளைத் தமிழில் சொன்னாள். சும்மா சொல்லவில்லை, மாடிக்காரனைப் போலவே குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி நடித்துக் காட்டினாள். "நான் உன்னைத் தடுக்கல. போகணும்னா போ. ஆனா அங்க உன்னை யாரும் எதிர்பாக்கலன்றது எனக்குத் தெரியும். உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லாம இருந்தேன்."

திரையில் அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள்ளேயே திரும்பினாள். ஸ்ரீவல்லி சிரித்தாள். "எப்படிடி நம்பறா இவ?"

"லூசு. இதுங்களுக்கெல்லாம் நல்லா வேணும்" என்றாள் கலையரசி.

ரேணுவின் கை காய்மேல் அப்படியே இருந்தது. "அவன் கெட்டவன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தாலே தெரியுதேக்கா. அவன் வரப்பல்லாம் ஒரு மியூசிக் வருது. மூஞ்சில பாதி நிழலு."

"அப்படியா" என்றாள் ரேணு. ஒரு காயை எடுத்து நார் உரித்தாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள். "உங்க மாமா வரப்ப ஒண்ணும் வரலியே கலை."

முறத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். ஸ்ரீவல்லி நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "நான் கிளம்பறேன்" என்று அவள் சொன்னபோது கலையரசி இரு என்று சொல்லவில்லை.

அக்கா புருஷன் கோதண்டபாணி மாமா அந்த வீட்டில் எல்லாருக்கும் செல்லம். கலையரசிக்கு முதல் செல்போன் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அக்கா வீட்டுக்கு வராமல், போனும் செய்யாமல் இருந்த நாட்களில் அவர்தான் கூப்பிட்டுப் பேசுவார். "ரேணுவுக்கு உங்க மேல ஏதோ வருத்தம்மா. நான் சொல்லிப் பாக்கறேன், கேக்க மாட்டேன்றா." கலையரசி நம்பினாள். மியூசிக்கும் நிழலும் இல்லாமல், தன் சொந்த அக்காவைப் பற்றி, ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பினாள். ஒருமுறை அக்காவே போன் செய்து அழுதபோது, "மாமா மாதிரி ஆளு கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும். நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதன்பின் அக்கா அவளுக்குப் போன் செய்யவேயில்லை.

அந்தப் போன் இப்போது நினைவுக்கு வந்தது. சமையல்கட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, அன்னிக்கு போன்ல நான்..."

"அவரு பக்கத்துலதான் இருந்தாரு" என்றாள் ரேணு, அடுப்பைப் பார்த்தபடி. "ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நீ பேசினத கேட்டுட்டு, 'பாத்தியா, உன் தங்கச்சியே...'ன்னாரு. அவ்ளோதான். வேற ஒண்ணும் சொல்லல."

மன்னிச்சுக்கோ என்ற வார்த்தை கலையரசியின் வாய்வரை வந்தது; அதைச் சொன்னால் அக்கா பரவாயில்லை என்று சொல்லவேண்டி வரும். அந்தச் சுமையையும் அவள் தலையில் ஏற்றக் கூடாது என்று தோன்றியது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் காயை நறுக்கினாள்.

சாயங்காலம் ரசிகர் பக்கத்தில், தான் எழுதியிருந்த வரியை அழித்தாள். அதற்குள் வேறு யார் யாரோ அதையே எடுத்துத் தங்கள் பெயரில் போட்டிருந்தார்கள். அவற்றை அவளால் அழிக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரீவல்லி தயங்கித் தயங்கித்தான் வந்தாள், டிவிடியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ரேணுவே கேட்டாள். "மிச்சத்தப் போடுங்க. அந்தப் பொண்ணு இன்னா ஆனான்னு பாக்கணும்."

கடைசிவரை பார்த்தார்கள். மாடிக்காரன் பிடிபட்டான், தப்பினான், பனியில் தனியாக நடந்து போனான். யாரும் சிரிக்கவில்லை. கலையரசி மெதுவான குரலில், நடிக்காமல், வரிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். திரையில் பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்தன.

"அந்தப் பொண்ணு?" என்றாள் ரேணு.

"அதுக்கப்புறம் அவளக் காட்டலக்கா" என்றாள் கலையரசி. தலை நிமிராமல்தான் சொல்ல முடிந்தது.