பி பக்கத்துக் கடைசிப் பாட்டு

வீட்டில் மேளச் சத்தமே கேட்கக் கூடாது என்பது திலகவதி போட்ட சட்டம். தங்கா பத்து ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் இருந்தவரை அவள் புருஷன் நாகமுத்து முனியாண்டி கோயில் சாமியாடி. உருமி உறுமினால் போதும், சாமி இறங்கிவிடும். போன வருஷத் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இன்னொரு தடவை ஆடினால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகுதான் மகன் திவாகர் குருபோங்கில் வாடகைக்குப் பிடித்த தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்தார்கள். உருமி கேசட்டுகளையெல்லாம் திலகவதி மூட்டை கட்டி யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். சீனப் பெருநாளுக்கு மேளம் அடித்துக்கொண்டு சிங்க ஆட்டம் தெருவுக்கு வந்தால் புருஷனை இழுத்துக்கொண்டு புக்கிட் காத்திலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவாள். அவ்வளவு உஷார். ஆனால் அந்த மகராசி ஜப்பான்காரனைக் கணக்கில் வைக்கவில்லை.

திவாகர் வேலை பார்த்த ரேடியோ பேக்டரியிலிருந்து ஊர் திரும்பிய ஜப்பான் இன்ஜினியர் அவனுக்கு ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கும் நான்கு பையன்கள்.

"இவனுங்க பேரு எடுக்கறதுக்கு முந்தி போட்ட ஆல்பம்மா. இப்ப அங்க பெரிய ராக் பேண்ட் லா."

திலகவதி முதல் பாட்டை நின்று கேட்டாள். ஒரே கத்தல், கித்தார் இரைச்சல்.

"இந்தக் கருமத்துக்கு எந்தச் சாமி வரப்போவுது" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஒரு பாட்டோடு விட்டதுதான் அவள் செய்த பிழை.

நாகமுத்து முதலில் முணுமுணுத்தார். பிறகு மூச்சுக் காட்டவில்லை. அவள் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பும்போதெல்லாம் ரேடியோ தொட்டால் சூடாக இருந்தது. மனுஷனுக்குப் பொழுது போகிறதே என்று அவள் சந்தோஷம்கூடப் பட்டாள், பாவம்.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். திவாகர் அந்தக் கேசட்டின் பி பக்கத்தைப் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கடைசிப் பாட்டில் கத்தல் அடங்கியது. கித்தாரும் அடங்கியது. டிரம் மட்டும் மிஞ்சியது. கனமாக ஓர் அடி, ஓர் இழுப்பு, மறுபடி ஓர் அடி.

திலகவதி தீக்குச்சியும் கையுமாகத் திரும்பினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாகமுத்துவின் வலது கால் கட்டைவிரல் துடித்தது. சாமி முதலில் வந்து இறங்குவது அந்த விரலில்தான்.

ரேடியோவை அடைடா என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். இறங்கிய சாமி மலையேறும்வரை மேளம் நிற்கக் கூடாது. எஸ்டேட்டில் பாதியில் மேளம் நின்று, வாய் கோணி, ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்த மாயாண்டியை அவள் கண்ணால் பார்த்தவள். திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நாகமுத்து எழுந்தார். டிரம் வேகம் பிடித்தது. அவர் கால் மாற்றி வைத்தார், தோளை உதறினார்.

டக் என்று ரேடியோ பொத்தான் மேலே எகிறியது. கேசட் முடிந்துவிட்டது. நாகமுத்து தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

"ஏன் நிப்பாட்டுன?" அது அவர் குரலே இல்லை.

"மலையேறுங்க சாமி. அந்த ஒடம்பு தாங்காது சாமி."

"பாதியில எப்படி ஏறுவேன்? அடி."

திவாகர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு படுத்திருக்கப்ப பாத்திருக்கேம்மா. அப்பா தெனமும் இதத்தான் கேப்பாரு. டிரம் வர்ற எடத்துல அவரே அடைச்சிருவாரு. அடைச்சிட்டு அழுவாரு. அம்மாகிட்ட சொல்லாதடான்னாரு. இன்னைக்கு நான் மறந்துட்டேன்."

நாகமுத்துவின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இடது கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. போட்டால் டாக்டர் சொன்னது, போடாவிட்டால் மாயாண்டிக்கு நடந்தது. அந்த டிரம் எந்த இடத்தில் அறுந்துபோகும் என்பதும் இப்போது அவளுக்குத் தெரியும். அதற்குள் சாமி ஏறியாக வேண்டும்.

மகனை ஒதுக்கிவிட்டுத் திலகவதியே ரீவைண்ட் பொத்தானை அழுத்தினாள். நாடா சரசரவென்று பின்னால் ஓடியது. தாலியை வாயில் கவ்விக்கொண்டு பாட்டைப் போட்டுவிட்டாள்.

முதல் அடி விழுந்ததும் அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் புருஷனுடையது.