நாலாம் பாலத்துக் காவலாளியின் இடது காது

'ஏழு பாலம்' வீடியோ கேம் அனிமேயாக, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடராக, வரப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்றே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். வருவதற்கு முன்பே கெட்டுப்போய்விட்டது என்றது ஒரு கட்சி. கெட்டுப்போனாலும் பார்த்துவிட்டுத்தான் திட்டுவோம் என்றது இன்னொரு கட்சி. அந்த கேமைப் பதினைந்து வருடமாக விடாமல் ஆடுகிறவர்கள் உலகத்தில் சில ஆயிரம் பேர் இருந்தாலே அதிகம். ஆனால் அவர்கள் போடும் சத்தத்தைக் கேட்டால் ஒரு நாடே திரண்டு வந்துவிட்டதோ என்று தோன்றும்.

முன்னோட்டம் ஒரு நிமிடம்தான் ஓடியது. அதற்குள் கதாநாயகியான தூதுக்காரியின் கோட்டு சாம்பல் நிறமா நீலமா என்று மூன்று நாள் சண்டை. இரண்டாம் பாலத்தில் நாற்பத்திரண்டு பலகை இருக்க வேண்டும், இங்கே முப்பத்தெட்டுதான் இருக்கிறது என்று ஒருவர் படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணிச் சொன்னார். அந்த மனிதருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கத் தோன்றும். விசாரித்தால், பகலில் அவர் பல் டாக்டர்.

சண்டை எங்கே தொடங்கினாலும் கடைசியில் தீர்ப்புக்கு வந்து நின்றது ஆதாரம் அக்காவிடம்தான். கேமைப் பற்றி ரசிகர்களே சேர்ந்து எழுதும் இணையக் களஞ்சியமான விக்கியைப் பதினைந்து வருடமாகக் கட்டிக் காப்பவள் அவள். யார் எதை எழுதினாலும் கீழே ஒரே ஒரு சொல் போடுவாள்: "ஆதாரம்?" அடுத்த நாளைக்குள் பதில் வராவிட்டால் அந்த வரி இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அவளுக்கு வேலை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். குழாயில் பெயர்ச்சீட்டு இல்லையென்றால், யாருடைய ரத்தமாக இருந்தாலும் குப்பையில்தான் போட வேண்டும். பகலெல்லாம் அப்படிப் பழகிய கை, விக்கிக்கு வந்தால் மட்டும் தாராளமாகவா இருக்கும்?

முதல் இரண்டு பகுதிகளையும் ரசிகர்கள் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார்கள். மூன்றாம் பகுதியில்தான் அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள்.

நாலாம் பாலத்தில் ஒரு காவலாளி நிற்பான். கேமில் அவனுக்கு மொத்தமே நாலு வரிதான். தூதுக்காரி வழி கேட்க வேண்டும், அவன் கதவைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. அனிமேயில் அவனுக்கு ஒரு பகுதி முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். தூதுக்காரி ஒரு முறை கேட்கிறாள், பதில் இல்லை. இரண்டாம் முறை கத்துகிறாள், பதில் இல்லை. கோபத்தோடு சுற்றிக்கொண்டு அவனுடைய வலப்பக்கம் வந்து மூன்றாம் முறை கேட்கிறாள். அவன் திரும்பி, "இந்தப் பக்கம்தான்மா எனக்குக் கேக்கும்," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கிறான். எப்படி அந்த இடது காது போனது என்பதுதான் மீதிக் கதை.

ரசிகர்கள் அழுதார்கள். பலகை எண்ணிய பல் டாக்டரே, "அழுதேன். பலகைகளை மன்னித்துவிட்டேன்," என்று எழுதினார். "விக்கியில் அந்தக் காது பற்றி எப்போதோ இருக்கிறது, எவ்வளவு நுணுக்கமாகப் படித்திருக்கிறார்கள் பாருங்கள்!" என்று எல்லோரும் அனிமேக்காரர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அக்காவுக்கும் பெருமை பிடிபடவில்லை. அந்த வரியை எழுதியவள் அவள்தானே. 'மூன்று முறை கேட்டால்தான் பதில் சொல்வான். அவனுக்கு இடது காது கேட்காது.' பதினேழு வயதில் எழுதியது, விக்கியின் முதல் பக்கங்களில் ஒன்று.

மறுநாள் 'சந்தேகப்புலி' என்ற பெயரில் உலவும் ஒருவர் ஒரு சின்ன வீடியோ போட்டார். அதில் தூதுக்காரி ஒரே ஒரு முறை கேட்கிறாள். காவலாளி உடனே பதில் சொல்லிக் கதவைத் திறக்கிறான். இடது பக்கம் நின்று கேட்டும் அப்படித்தான். கீழே சந்தேகப்புலி ஒரே ஒரு சொல் போட்டிருந்தார்: "ஆதாரம்?"

அவ்வளவுதான், வேட்டை தொடங்கிவிட்டது. மழை பெய்யும்போது கேட்டால் காது கேட்காதோ என்று ஒருவர் கேமுக்குள் மழைக்காக நாலு மணி நேரம் காத்திருந்தார். ஒருவர் தூதுக்காரியின் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார். ஒருவர் இருநூறு தடவை கேட்டார். காவலாளியும் சளைக்காமல் இருநூறு தடவை கதவைத் திறந்தான். 'எங்கள் வீட்டில் மூன்றாம் தடவைதான் பேசினான்' என்று இத்தனை வருடமாகச் சாட்சி சொன்னவர்கள் மீண்டும் ஆடிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். நடந்தது வேறொன்றுமில்லை. விக்கியில் மூன்று என்று எழுதியிருந்ததால் எல்லோரும் பொத்தானை மூன்று தடவை படபடவென்று தட்டியிருக்கிறார்கள். அவன் முதல் தட்டலிலேயே வாயைத் திறந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அக்காவுக்கோ, இது எப்படி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. புதன்கிழமை காலை லேபுக்கு விடுப்பு சொன்னாள். அலமாரிக்கு மேலிருந்து பழைய கேம் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, அவளும் தம்பியும் ஆடிய அதே டிஸ்க்கைப் போட்டாள். முதல் தடவை கேட்டாள். பெட்டிக்குள் கரகரவென்று ஏதோ உரசியது, காவலாளி வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவையும் கரகர. மூன்றாம் தடவை பேசினான். டிஸ்க்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விளிம்போரம் வெட்டிப் போட்ட நகம் அளவுக்கு ஒரு கீறல்.

ஆக, காவலாளியின் காதில் ஒரு குறையும் இல்லை. டிஸ்க்கில்தான் குறை. அந்தக் கீறலுக்குக் காது என்று பெயர் வைத்தது யார் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுத் தம்பி சொன்னான்: "அவனுக்கும் என்ன மாதிரி இடது காது கேக்காதுக்கா." சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவன் இடது காதைக் கொண்டுபோய்விட்டது. அவன் சொன்னது அவளுக்கு அவ்வளவு சரியாகப் பட்டது. ஆதாரம் கேட்கத் தோன்றவே இல்லை.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. "பழைய பதிப்பில் இருந்திருக்கும் அக்கா, பிறகு மாற்றியிருப்பார்கள்," என்று பல் டாக்டரே பாதை போட்டுக் கொடுத்திருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் நம்பிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் அவள் பெயர் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கீறலைச் சொன்னால், அது எப்படிக் காதானது என்பதையும் சொல்ல வேண்டும். தம்பி தன் காதைப் பற்றி வெளியே யாரிடமும் மூச்சு விடுவதில்லை. முதல் முதலில் வேலைக்குப் போன கடையில் அதைச் சொல்லப்போய், "கஸ்டமர் சொல்றது காதுல விழாதவன் என்னத்த முடி வெட்டுவான்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டான்.

மத்தியானம் தம்பி வேலை பார்க்கும் சலூனுக்குப் போனாள். கூட்டம் இல்லாத நேரம். வாசலை ஒட்டிய மேசைக்குப் பின்னால் முதலாளி அண்ணன் கைபேசியில் மூழ்கியிருந்தார். அனிமே பார்த்துப் புதிதாக ரசிகராகி, ஒரே வாரத்தில் எல்லோரையும்விடப் பெரிய பக்தராகிவிட்டவர் அவர். அக்காவைக் கண்டதும், "வாங்க, வாங்க! காவலாளி கேஸ் என்னாச்சு?" என்றார். சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு உள்கோடியில் இருந்த தம்பியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

தம்பி துணியைப் போர்த்தினான். அவன் வெட்டும்போது தான் நகர மாட்டான், நாற்காலியைத்தான் சுற்றுவான். வலது காது எப்போதும் ஆளின் வாய்ப்பக்கம் இருக்கும். அதை ஒரு ஸ்டைல் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். கீறல், கரகர, சந்தேகப்புலி, எல்லாம். அவன் சீப்பை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா," என்றான்.

"என்னடா தெரியும்?"

"டிஸ்க்குதான்னு. அப்பவே தெரியும். கூடப் படிச்சவன் வீட்ல ஒரு நாள் ஆடினேன். கேட்ட உடனே கதவத் திறந்துட்டான். அங்க அவனுக்கு நல்லா காது கேட்டுதுக்கா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. வீட்டுக்கு ஓடி வந்து நம்ம டிஸ்க்கப் போட்டேன். மூணாவது தடவைதான் பேசினான். அதுக்கப்பறம்தான் சாப்பாடே இறங்குச்சு."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழிச்சிருப்ப."

அக்கா கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மடியில் விழுந்து கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் ஊரார் வரிகளையெல்லாம் அழித்தவள், தன் வீட்டிலேயே ஒருவன் தனக்குப் பயந்து ஒரு வரியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அறியவில்லை. அழித்திருப்பாளா? நிச்சயமாக அழித்திருப்பாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"இப்ப என்ன பண்றது? பழைய பதிப்புன்னு சொல்லிடவா? உன்ன இழுக்க வேண்டாம்."

அவன் நாற்காலியைக் கால்வட்டம் சுற்றினான்.

"அந்தப் பகுதிய நான் நாலு தடவ பாத்தேன்," என்றான். "முதலாளியும் இங்கயே உக்காந்து அழுதாரு. ஊர்ல அத்தன பேரும் அவனுக்காக அழறாங்க. ஒருத்தன்கூட சிரிக்கலக்கா. நீ உள்ளத எழுது. என் காதுன்னே எழுது."

"நல்லா யோசிச்சுக்கோடா. அண்ணனும் படிப்பாரு."

"படிக்கட்டும்."

போர்வைத் துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து, அவள் கைபேசியில் எழுதினாள். முதலில் அந்த வரியை அழித்தாள், விதி விதிதான். பிறகு கீழே எழுதினாள்: 'கேமில் இதற்கு ஆதாரம் கிடையாது. எங்கள் டிஸ்க்கில் ஒரு கீறல் இருந்தது. காவலாளிக்கு இடது காது கேட்காது என்று சொன்னவன் என் தம்பி. அவனுக்கும் இடது காது கேட்காது. நான் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். தவறு என்னுடையது.' அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு நிமிடம் கூடப் பொறுக்கவில்லை, திருப்பிப் பார்த்தாள்.

"அப்படியென்றால் அனிமேக்காரர்கள் நம் விக்கியைப் பார்த்தா எழுதினார்கள்?" என்று ஒருவர் துள்ளிக் குதித்திருந்தார். கேமில் இல்லாதது அனிமேயில் வந்துவிட்டால் அது உண்மையா பொய்யா என்று இருவர் அதற்குள் மல்லுக்கு நின்றார்கள். பல் டாக்டர், தம்பிக்கு எந்த வயதில் காது போனது என்று அக்கறையாக விசாரித்திருந்தார். சந்தேகப்புலி எழுதியது ஒரே வரி: "தம்பியிடம் கேளுங்கள், அனிமேயில் காவலாளி காது கொடுக்கத் தலையைச் சாய்ப்பது சரியாக இருக்கிறதா?"

அவள் படித்துக் காட்டினாள். தம்பி யோசித்தான். "இல்ல. அவ்வளவு சாய்க்க மாட்டோம். ஆளுக்குத் தெரிஞ்சுடும்ல," என்றான்.

வாசல் மேசையில் நாற்காலி கிறீச்சிட்டது. முதலாளி அண்ணன் கையில் கைபேசியோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைபேசியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி கைபேசியைப் பார்த்தார்.

"நிஜமாவே இடது காதாடா?" என்று அவன் எதிரில் வந்து நின்று கேட்டார்.

தம்பி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

அண்ணன் வாசல் மேசையைத் திரும்பிப் பார்த்தார். அது தம்பியின் இடப்பக்கம் இருந்தது.

"அப்ப நாலு வருஷமா நான் அங்க உக்காந்து உங்கிட்டப் பேசினதெல்லாம்?"

"பாதிதான்ணே விழும்."

"என் கல்யாணக் கதை?"

"தலைய ஆட்டினேண்ணே."

"ஆஸ்பத்திரிக் கதை?"

"அதுக்கும் ஆட்டினேன்."

அண்ணன் வாசலுக்கு நடந்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தம்பியின் வலப்பக்கச் சுவரை ஒட்டிப் போட்டு, அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வெட்டுடா, நிறுத்தாத," என்றார். "பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..."