பொன்னாடை போர்த்தும் எந்திரம்

மனிதன் இரண்டு நொடியில் கையால் போர்த்திவிடக்கூடிய பொன்னாடையை, ஆறு கப்பி, ஒரு சைக்கிள் சக்கரம், முழம் முழமாகக் கயிறு இத்தனையும் கட்டி ஒரு நிமிடத்தில் போர்த்த வேண்டும் என்பதுதான் போட்டி. இதற்குப் பொறியியல் என்று பெயர். தஞ்சாவூருக்கு வெளியே வயலை மேடாக்கிக் கட்டிய அந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் ரோஹிணிதான் எந்திரத்தை வடிவமைத்தவள். இங்கே ஜெயித்தால் சென்னையில் இறுதிச்சுற்று. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் சொந்தக்காரர்கள் வாயை அடைக்க, எப்படியாவது சென்னை போய்விட வேண்டும் என்று துடித்தாள்.

முதலில் இரும்பு எடைக்கல்தான் மாட்டியிருந்தாள். துறைத்தலைவர் கல்யாணம் முகத்தைச் சுளித்தார்.

"இரும்பு எல்லா ஊர்லயும் இருக்கும்மா. மண்வாசனை வேணாமா? நெல்லு மூட்டையை மாட்டுங்க."

"சார், எடை துல்லியமா இருக்கணும்."

"துல்லியமா நிறுத்து மாட்டுங்க. அப்புறம், பொன்னாடை பொத்துன்னு விழக்கூடாது. மரியாதையா எறங்கணும்."

மரியாதைக்கும் கணக்கு உண்டு. மூட்டை இறங்கினால்தான் பொன்னாடைத் தட்டு சாயும்; அது மெல்ல இறங்க, கயிற்றின் மறுமுனைப் பாரத்தைவிடக் கொஞ்சூண்டு மட்டும் கனமாக இருக்க வேண்டும். ரோஹிணி ராத்தூக்கம் கெட்டு அதைக் கண்டுபிடித்தாள். குழுவில் இருந்த கோவிந்தராசு, பூதலூரில் அப்போதுதான் அறுத்த குறுவை நெல்லைக் கொண்டுவந்தான். லேப் தராசில் கிராம் சுத்தமாக நிறுத்து, சின்னச் சாக்கில் தைத்துத் தொங்கவிட்டார்கள். சோதனை ஓட்டத்தில் பொன்னாடை புதுப்பெண் மாதிரி இறங்கி வந்தது. கல்யாணத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

விருந்தினருக்குத் தேதி ஒத்துவராமல் போட்டி விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. மூட்டை விழா அரங்கில் ஜன்னலோர வெயிலில் தொங்கியது. அந்த அரங்குக்கு வந்துபோன பாதிப் பேருடைய அப்பாக்கள், ஈரம் அதிகம் என்று நெல்லைத் திருப்பியனுப்பும் கொள்முதல் நிலையத்தைச் சபித்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள். காய்ந்தால் நெல் எடை குறையும் என்பது அந்த வீடுகளில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எடைக்கல் என்று பெயர் சூட்டிவிட்டால் நெல் காயாது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

விழாவுக்கு விருந்தினரும் நடுவரும் ஒருவரே. கொள்முதல் நிலையங்களில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ரகுராமன். எந்திரம் ஓட ஆரம்பித்தபின் யார் கையும் படக்கூடாது என்பது விதி. ரோஹிணி கோலிக்குண்டை உருட்டினாள். சக்கரம் சுற்றியது, கொக்கி விடுபட்டது, மூட்டை ஒரு சாண் இறங்கியது. அவ்வளவுதான். பொன்னாடைத் தட்டு சாயாமல் அந்தரத்தில் நின்றது. அதன் அடியில் ரகுராமன் கும்பிட்ட கையோடு, குனிந்த கழுத்தோடு நின்றார்.

"புள்ளை கணக்குல ஏதோ தப்பு பண்ணிருச்சு" என்று மைக்கிலேயே சொன்னார் கல்யாணம்.

மண்வாசனை சட்டென்று புள்ளையின் கணக்காகிவிட்டது. ரோஹிணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தப்பு எங்கே என்று மூட்டையை முறைத்தாள். சாக்கின் இடுக்கில் நெல் சருகாகக் காய்ந்து தெரிந்தது. அடுத்த நொடி, விருந்தினருக்காக மேஜைமேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூட்டைமேல் கவிழ்த்தாள்.

சாக்கு குடித்தது, நெல் குடித்தது. மூட்டை அசைந்து, மெல்ல இறங்கியது. தட்டு சாய்ந்து பொன்னாடை ரகுராமன் தோளில் விழுந்தது. அரங்கமே கூரை அதிரச் சிரித்தது. தண்ணீர் தெளித்து மூட்டைக்கு எடை கூட்டும் வித்தை தெரியாதவர் அங்கே யாரும் இல்லை.

"கை படல சார்" என்றாள் ரோஹிணி. "தண்ணிதான் பட்டுச்சு."

ரகுராமன் மூட்டைக்கு அருகே போனார். பழைய பழக்கத்தில் ஒரு நெல்லை உருவிக் கடித்துப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

"கணக்கு சரிதாம்மா. நெல்லு காஞ்சிருச்சு." துப்பிவிட்டு மைக்கை வாங்கினார். "சர்வீஸ்ல இருந்திருந்தா இந்தத் தண்ணி மூட்டையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன். இப்ப சென்னைக்கு அனுப்புறேன்."