அண்ணன் பிரசங்கத்துக்குப் போகவில்லை

1

இந்தக் கதை சபைப் பத்திரிகைக்காகத் தொடங்கியது. 'கடவுள் ஏன் மனித உடலெடுத்தார்?' என்று கிறிஸ்துமஸ் இதழுக்கு ஒரு பக்கம் கேட்டவன் என் அண்ணன். அந்தச் சபையின் போதகர். 'வானத்தில் ஒரு விண்மீன்' என்று ஆரம்பித்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பண்டிகையன்று காலையில் அண்ணிக்கு வலி வந்துவிட்டது, இரண்டு மாதம் முன்னதாகவே. இப்போது மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விண்மீனை அடித்துவிட்டேன்.

2

அண்ணி இன்னும் அறுவை அறையில். பெண் குழந்தை. என் முன்கையைவிடச் சின்னவள். (உவமையல்ல, அளவு.) குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டி எதுவும் காலியில்லை.

"பெட்டி கிடைக்கிற வரைக்கும் உங்க நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கணும். சட்டையைக் கழட்டுங்க சார்," என்றார் நர்ஸ் அண்ணனிடம்.

அண்ணன் பின்னால் நகர்ந்து, திறந்திருந்த கதவருகே என்னிடம் வந்தான். எனக்கு இருமல், உள்ளே விடவில்லை.

3

அவன் தயங்காமல் குழந்தையை வாங்கி

பொய். தயங்கினான். முதல் குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போதே பறிகொடுத்தவன்.

"தொட்டுட்டேன்னா அப்புறம் விட முடியாதுடி. இவளும் போயிட்டா நான் தாங்க மாட்டேன்."

இந்த இடத்தில் நான் சொன்னதாக அழகான பதில்கள் எழுதிப் பார்த்தேன். உண்மையில் சொன்னது இதுதான்:

"அண்ணா, அவ உதடு நீலமாகுது."

அவன் பொத்தான்களைக் கழற்றவில்லை. பிய்த்தான்.

[பத்திரிகைக்குரிய பகுதி: கடவுள் எட்ட இருந்தே நம்மை நேசித்திருக்கலாம். அதில் இழந்துவிடும் பயம் இல்லை. உடலெடுத்தார், அன்றுமுதல் அவருக்கும் குளிர்ந்தது, வலித்தது, அவரையும் கொல்ல முடிந்தது. அண்ணன் வருஷா வருஷம் இதைப் பிரசங்கித்திருக்கிறான். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கியிருக்கிறேன்.]

4

சபைச் செயலாளர் போனில் கூப்பிட்டார். "ஐயா எங்கம்மா? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. இருக்கிற பாட்டெல்லாம் பாடியாச்சு."

கதவிடுக்கு வழியாகக் கேட்டேன். அண்ணன் தலை நிமிரவில்லை.

"வர மாட்டேன்னு சொல்லு."

"என்ன காரணம் சொல்லட்டும்?"

"எம்மவகூட இருக்கேன்னு சொல்லு."

5

முடிவு ஒன்று: குழந்தை வீறிட்டு அழுகிறாள், அண்ணி கண்விழித்து

முடிவு இரண்டு:

இரண்டாவதை எழுத மாட்டேன். முதலாவதை எழுதவும் பயமாக இருக்கிறது.

உள்ளே நர்ஸ் கை நீட்டுகிறார். "பெட்டி வந்துடுச்சு. குடுங்க சார்."

"ஒரு நிமிஷம்மா," என்கிறான் அண்ணன். கொடுக்க மனமில்லை.

நர்ஸ் சட்டென்று குனிந்து குழந்தைமேல் காதை வைத்துக் கேட்கிறார். அவர் முதுகு மறைக்கிறது. நான் நுனிக்காலில் நிற்கிறேன், எட்டவில்லை. நீங்கள் என்னைவிட உயரமென்றால், எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.