இடது டையும் வலது டையும்

எங்கள் மாடி ஜன்னலுக்கும் எதிர்வீட்டுப் பட்டறைக்கும் நடுவில் ஒரு சந்துதான். நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. பாத்திரம் கழுவும் இடம் அங்கே அமைந்துவிட்டது.

ஷூவுக்குள் போடும் மெத்தைகளை வெட்டித் தருவது பட்டறைக்காரரின் தொழில். பலகையில் கால் வடிவத்துக்குப் பள்ளம் அறுத்து, எஃகுப் பிளேடை வளைத்துச் செருகினால் அது டை. துணி ஒட்டிய ஸ்பாஞ்சு ஷீட்டின் மேல் கவிழ்த்து பிரஸ்ஸில் ஒரு அழுத்து, மெத்தை தயார். டை செய்ய வெளியாள் எதற்கு என்று அவர் மனைவி அடம்பிடித்துத் தன் தம்பியைக் கொண்டுவந்து சேர்த்தாள். முதல் வேலையே சொதப்பினால் மூட்டை கட்டு என்பது அவனுக்கு மாமாவான பட்டறைக்காரரின் நிபந்தனை. சந்துக்கே கேட்கும்படி போட்ட நிபந்தனை. எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம்.

இன்று காலை இரண்டு பலகைகள் தயார். ‘இடது’, ‘வலது’ என்று பெயிண்டில் கொட்டை எழுத்து வேறு. மாமா இடது டையை வைத்து அழுத்தினார். வந்ததோ வலது கால் மெத்தை.

“மாப்ள, இது எந்தக் கால்டா?”

தம்பி தன் காலைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான். “டை கவுந்துதானே உக்காரும் மாமா... படத்தைத் திருப்பி வரைஞ்சிருக்கணும். நேரா வரைஞ்சு தொலைச்சிட்டேன்.”

“ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் ஸ்பாஞ்சு. திருப்பியும் போட முடியாது. போடறவனுக்கு ரெண்டுமே வலது காலா? கெளம்பு ராசா!”

தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

“அந்த இன்னொண்ணையும் வெட்டிப் பாருங்க.”

“அதையும் இதே லட்சணத்துலதான் செஞ்சிருப்பான்.”

“திட்டறதுதான் திட்டறீங்க, முழுசாப் பாத்துட்டுத் திட்டுங்க.”

முனகிக்கொண்டே அழுத்தினார். வலது டையிலிருந்து விழுந்தது இடது கால் மெத்தை.

மாமா இரண்டையும் தன் ஷூவுக்குள் நுழைத்து வாசல்வரை நடந்து பார்த்தார். கச்சிதமான ஜோடி. தப்பைக்கூட இரண்டிலும் ஒரே ஒழுங்காகச் செய்திருக்கிறான் மனுஷன்! மாற்ற வேண்டியது பலகை மேலிருந்த எழுத்தைத்தான்.

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நான் கெளம்பட்டுமா மாமா?”

“வாயை மூடிட்டுப் பெயிண்டு டப்பாவ எடு. பெரிய மனுசர், பையும் கையுமா நிக்கறாரு!”

அந்தப் பையை அக்காவே பிடுங்கி வீட்டுக்குள் வீசினாள்.