ஆறு கிலோவுக்குள்

ஆறு கிலோ. அதற்கு மேல் ஒரு கைக்குட்டை ஏறினாலும் இந்த வருஷம் காடு கிடையாது என்று முதுகு வைத்தியர் கறாராகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருவதால் வீட்டிலும் டீச்சர் என்றே பெயர் வாங்கியவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. பதினொரு வருஷமாக அவளும் அண்ணியும் வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்காட்டுக்குப் போய், இரண்டு ராத்திரி கூடாரத்தில் படுத்து, மூன்றாம் நாள் அழுக்கும் சிரிப்புமாகத் திரும்பி வருகிறார்கள். அந்த மூன்று நாளை நம்பித்தான் மிச்ச நாட்களை அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பையைத் தூக்கிட்டுக் கடைக்கு வா" என்றாள் அண்ணி. "உன் சுமையையும் சேர்த்து நான் தூக்குவேன்னு கனவு காணாதே. எனக்கும் முதுகு ஒண்ணுதான். சுமையைத்தான் குறைக்கணும்."

அண்ணி வைத்திருப்பது பை தைக்கிற கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஜிப் சுருள்களையும் எண்ணெய்ப் புட்டியையும் ஓரம் தள்ளி, வெட்டுமேஜையில் தையல் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டாள். ஒன்று காட்டுக்கு, ஒன்று வீட்டுக்கு. அட்டைப்பூச்சிக்குப் பயந்து ஒரு தடவைகூடக் காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத அண்ணன், கொக்கித் தராசும் கையுமாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பதினோரு கிலோ" என்று வாசித்தான்.

"நீ காட்டுக்குப் போறியா, தனிக்குடித்தனம் போறியா?" என்றாள் அண்ணி.

அவள் கேட்டது ஒரே கேள்விதான். "போன தடவை இதைத் தொட்டியா?" தொடாததெல்லாம் வீட்டு வட்டத்துக்குப் போனது. மருந்துப் பெட்டி மட்டும் தப்பித்தது. அது தொடாமல் திரும்பி வந்தால்தான் நல்லது என்றாள். கூடாரத்தின் கம்பிகளை உருவிப் போட்டாள். கூடாரத்தைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் கையிலும் ஊன்றுகோல் இருக்கும்போது கம்பி எதற்கு? விழுந்து கிடக்கிற சுள்ளியை அறுக்க மடக்கு ரம்பம் போதும், கோடாலி வேண்டாம். அரிசியும் பருப்பும் டப்பாவிலிருந்து கவருக்கு மாறின. சோப்பு பிஸ்கட் அளவுக்கு வந்தது.

"தண்ணி மூணு பாட்டிலா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஓடை குறுக்கே வருது. வடிகட்டி இருக்கு. ஓடைக்கே தண்ணி கொண்டுபோற ஆளு நீ ஒருத்திதான்!"

"அந்த இரும்பு வாணலி..." என்று வீட்டு வட்டத்தைக் காட்டி அண்ணன் இழுத்தான்.

"நீங்க தூக்கிட்டு வர்றீங்களா?"

அண்ணன் தராசைத் துடைக்க ஆரம்பித்தான்.

டீச்சருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கிராமைக் கூட்டிக் கழிக்க அவளுக்கும் தெரியும். ஆனால் எது தேவை, எது வெறும் பயம் என்று ஒரே பார்வையில் பிரிக்கிற கண் அண்ணிக்குத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து, பையைக் கொக்கியில் மாட்டினால் ஆறு கிலோ எழுநூறு. அண்ணி இரண்டு தடவை அலசிப் பார்த்தாள். இனிமேல் எடுக்க எதுவும் இல்லை. அந்த நேரம் பார்த்து யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். அண்ணி எழுந்து போனாள்.

எழுநூறு கிராம் எங்கே இருக்கிறது என்று டீச்சருக்குத் தெரியும். முந்தாநாள் சாமான் அடுக்க வீட்டுக்கு எடுத்துப்போனபோதே வெறும் பையை நிறுத்துப் பார்த்திருந்தாள். இரண்டு கிலோ நானூறு! கெட்டிக் கித்தான், தோல் அடிப்பாகம், பித்தளைக் கொக்கி, எல்லாத் தையலும் இரட்டைத் தையல். கடை போட்ட புதிதில் அண்ணி அவளுக்கென்று தைத்தது. காட்டுக்குப் போகாத நாளெல்லாம் கடை வாசல் ஆணியில்தான் தொங்கும். "பதினோரு வருஷம், ஒரு நூல் பிரிஞ்சதில்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி அதைக் காட்டுவாள். அவளிடம் போய், உங்கள் பைதான் சுமை என்று எந்த வாயால் சொல்வது? குளிரில் நடுங்கிவிட்டுப் போகலாம். அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கம்பளிச் சட்டையை உருவி வீட்டு வட்டத்தில், டப்பாக்களுக்கு அடியில் செருகினாள்.

"ஆறு!" என்று மறுபடி நிறுத்துப் பார்த்த அண்ணன் கத்தினான்.

திரும்பி வந்த அண்ணி சந்தோஷமாக மேஜையை ஒழிக்க ஆரம்பித்தாள். கம்பளிச் சட்டை கையில் சிக்கியது.

"இது எப்படி இங்கே வந்துச்சு?"

"இந்த வருஷம் அவ்வளவா குளிராதுன்னு..."

"காட்டுக்கிட்ட கேட்டியா? போன வருஷம் ரெண்டாம் ராத்திரி உன் பல்லு அடிச்ச சத்தத்துல நான் தூங்கலை."

டீச்சரின் கண், வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், பையின் மேல் போய் விழுந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டி, வெறும் பையைக் கொக்கியில் மாட்டினாள்.

"ரெண்டு கிலோ..." என்று ஆரம்பித்த அண்ணன், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சொல்லுங்க."

"நானூறு."

"உனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் டீச்சரிடம்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை வந்தது. அண்ணி பையின் அடித்தோலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தையல் பிரிக்கிற முள்ளை எடுத்தாள்.

"அண்ணி, வேண்டாம்! இதை ஆணியிலேயே மாட்டி வைங்க. எனக்கு வேற ஏதாவது..."

"உன் தோளுக்கு அளந்த பட்டை இதுல இருக்கு, இடுப்புப் பட்டை இதுல இருக்கு. சனிக்கிழமை காட்டுக்குக் கிளம்பணும், அதுக்குள்ள வேற எங்கே தேடறது? அதோட, காட்டுக்குப் போகாத பையைக் காட்டி நான் என்ன பெருமை பேசறது?" முதல் நூல் அறுந்தது. "பை போனா இன்னொண்ணு தைப்பேன். முதுகைத் தைக்க எனக்குத் தெரியாது."

டீச்சர் அதற்கு மேல் தடுக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, பிரிந்த நூலைப் பொறுக்கினாள். இரட்டைத் தையல் ஆனதால் பிரிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. தன் கைவேலையைத் தானே இப்படி நூல் நூலாகப் பிரித்துப் போடத் தனக்கு மனசு வருமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். வராது.

வெள்ளிக்கிழமை புதுப் பை வந்தது. குடைத்துணி மாதிரி மெல்லிசு, ஒற்றைத் தையல், பழைய பட்டைகள். கம்பளிச் சட்டையோடு சேர்த்து எல்லாவற்றையும் அடைத்துக் கொக்கியில் மாட்டினார்கள்.

"அஞ்சு கிலோ இருநூறு" என்றான் அண்ணன். "இன்னும் எண்ணூறு கிராம் இடம் இருக்கே, அந்த வாணலி..."

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தராசைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

டீச்சர் பையை முதுகில் போட்டாள். முதுகு ஒரு வார்த்தை பேசவில்லை. கடை வாசலில் ஆணி வெறுமனே இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"அண்ணி, இது எத்தனை வருஷம் வரும்?"

பதினொரு வருஷம் ஒரே பெருமையைப் பேசியவள், துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னாள்.

"ரெண்டு வருஷம் வந்தா ஜாஸ்தி. நடுவழியிலகூடக் கிழியும். அதனால என்ன? பின்னாடியே நான் வர்றேனே, ஊசி நூல் என் பையில இருக்கு."